இயந்திரம் நீதிபதியாகலாமா?

ஒருவன் குற்றமுடையவனோ அல்லனோ என்று துணியும் பொறுப்பை மனிதன் தன் கையினின்றும் விட்டு, உணர்ச்சியற்ற இயந்திரத்தினிடம் ஒப்புவித்தல் முறையாகுமா? இவ்வினா வெறும் ஏட்டு ஆராய்ச்சியன்று. நாடுகளின் எல்லைகளிலே நாள்தோறும் சரக்கு லாரிகளின் முன் எழுந்து நிற்கும் வினாவாகும். நம் கண்ணெதிரேயுள்ள ஜொகூர்ப் பாலத்தின்மீதும் லாரிகள் ஓடுகின்றன. ஆதலின் இஃது அயலாருக்கு மட்டும் உரிய வினாவுமன்று.

ஐக்கிய அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடைப்பட்ட எல்லையைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். 1994-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கை, மெக்ஸிகோ லாரிகள் எல்லை தாண்டி உட்செல்ல வழி திறப்பதாக வாக்களித்தது. 1995-ல் திறந்திருக்கவேண்டிய அவ்வழியை, அந்நாட்டு லாரிகள் பத்திரமானவையல்லவென்று காரணங்காட்டி அமெரிக்க சர்க்கார் அடைத்தே வைத்தனர். விண்ணப்பங்கள் அனைத்தையும் ஒருங்கே தள்ளிவைத்த இச்செய்கை உடன்படிக்கைக்கு முரணென்று 2001-ல் மத்தியஸ்தர் சபை தீர்ப்பளித்தது.

அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் புதிய நிபந்தனைகளை விதித்துச் சட்டஞ் செய்தது. அபாயகரமான சரக்கேற்றி வரும் ஓட்டுநர் ஒவ்வொருவருடைய லைசென்ஸும், ஏனையோருள் பாதிப்பேருடைய லைசென்ஸேனும், மின்சாரப் பதிவேட்டின் வாயிலாகச் சரிபார்க்கப்படவேண்டும். லாரிகள் மிகுதியாகக் கடக்கும் 10 வாயில்களுள் 5-ல் முதற்கண், ஓடும்போதே பாரம் நிறுக்கும் கருவிகள் சாலையிற் பதிக்கப்படவேண்டும் என்பன அவற்றுட் சில.

இக்கருவிகளின் திறம் வியக்கத்தக்கதே. லாரியை நிறுத்தாமலே ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் அவை கணிக்கின்றன. அந்நாட்டின் பெருஞ்சாலைகளுக்குரிய பொது எல்லையாகிய 80,000 ராத்தலை மீறியதாகத் தோன்றும் வண்டி தனியே ஒதுக்கப்படுகின்றது. வெப்பத்தைக் காணும் காமிராக்களும் உண்டு. பிரேக் பிடிக்கும் சக்கரம் சூடேறும். பிடியாத சக்கரம் குளிர்ந்தே இருக்கும். அக்குளிர்ச்சியைக் காமிரா காட்டிக் கொடுத்துவிடும். ஒரு லாரியை முறைப்படி முற்றும் சோதிக்க 37 படிகள் உண்டு. வரும் லாரிகளையெல்லாம் அங்ஙனம் சோதிப்பது இயலாதாகலின், சோதிக்கவேண்டியவற்றைப் பொறுக்கியெடுக்க இயந்திரம் துணைசெய்கின்றது.

இதனை நாம் வெறுக்கவில்லை. பார்க்கப்போனால், இஃது ஒருவகை அறமுன்னேற்றமேயாகும். முன்னர் ஒரு தேசத்தின் பெயரைச் சொல்லி அதன் லாரிகள் அனைத்தையும் ஐயுற்றனர். பாரக்கருவியோ தன்மேல் ஏறிய வண்டியை மட்டுமே ஐயுறுகின்றது. அதற்கு ஓட்டுபவனின் நிறந் தெரியாது, குலந் தெரியாது, சலாமுக்கு மகிழாது, கைக்கூலிக்கு நீளும் கையும் அதற்கில்லை.

எனினும் ஈண்டு ஒரு பேருண்மையை மறத்தலாகாது. ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. எல்லைகளில் அணுக்கதிர் தேடும் கருவிகள் வாழைப்பழத்தையும் தரையோட்டையுங் கண்டு கூக்குரலிடுவதுண்டு. அவற்றில் இயற்கையாகவே சிறிது கதிர்வீச்சு இருத்தலே காரணம். கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் வாழைப்பழம் குற்றவாளியுமன்று. கருவி கண்டதற்குப் பொருள் காண்பது மனித அறிவின் கடமையன்றோ? பதிவேட்டின் செய்தியும் இத்தகையதே. அதனை எழுதியவன் மனிதன். அடிக்கடி நிறுத்தப்படுபவனிடம் அடிக்கடி குற்றங் காணப்படும். அக்குற்றமே அவனை மீண்டும் நிறுத்தக் காரணமாகும். எழுதியவனிடம் ஓரவஞ்சனை இருந்திருப்பின், இயந்திரம் அதனை அயராது ஓதிக்கொண்டேயிருக்கும்.

பிறிதொன்றும் உளது. குளிர்ந்த சக்கரம் பிரேக் பழுதென்று கூறும். அப்பழுதுக்கு உரியவன் யாவன் என்று கூறாது. செப்பனிடும் செலவுக்கு அஞ்சி, ஓடுமட்டும் ஓடட்டுமென்று அனுப்பிய முதலாளி தன் அறையில் அமர்ந்திருக்கிறான். வேலை போய்விடுமேயென்று அஞ்சி வாய்திறவாது ஓட்டிவந்த தொழிலாளி வெயிலில் நிற்கிறான். வண்டி நிறுத்தப்பட்டதால் அவன் கூலி இழக்க நேரின், அதனை நீதியென்று எங்ஙனம் சொல்வது?

அங்ஙனமாயின் இரக்கங்கொண்டு அவனை விட்டுவிடலாமோவெனின், கூடாதென்பதே நம் விடை. அப்பாலுள்ள சாலையில் பள்ளி செல்லும் பிள்ளைகளும் நடக்கின்றனர். அவர்கள் உயிரைப் பிணையாக வைத்துக் காட்டும் இரக்கம் அறமாகாது. வண்டி நிற்கவே வேண்டும். ஆனால் ஓட்டியவனுக்குக் காரணம் சொல்லப்படவேண்டும். மறுத்துரைக்க இடம் வேண்டும். பிழையான பதிவைத் திருத்த வழி வேண்டும். நட்டமும் தண்டமும் பழுதை அறிந்தே அனுப்பியவன் தலையில் விழவேண்டும்.

இயந்திரம் ஐயுறட்டும், மனிதன் விசாரிக்கட்டும். விசாரணையின் உழைப்புக்குச் சோம்பி இயந்திரத்தின் பின் ஒளியும் உத்தியோகஸ்தன், பிடியாத பிரேக்கினும் கொடியவன் என்பதே நமது துணிபு.