“எனக்கு வரலை”



நீங்க இப்போ போட்டிருக்கிற டி-ஷர்ட்டை விரலால லேசா இழுத்துப் பாருங்க. நீளும், விட்டா திரும்பச் சுருங்கும். வேட்டி அப்படி நீளாது. வேட்டி நெய்த துணி. பாவு, ஊடைன்னு நூல்கள் குறுக்கும் நெடுக்குமாப் போகும். டி-ஷர்ட் பின்னின துணி. திருப்பூர்ல பின்னலாடைன்னு சொல்றது இதைத்தான். ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம், அதுக்குள்ள அடுத்தது. மெஷின் இதை நிமிஷத்துல போட்டுத் தள்ளிடும். அதையே ரெண்டு ஊசியை வச்சுக் கையால போடறதுதான் நிட்டிங்.

பாண்டிச்சேரி வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்குன்னு சிரிக்காதீங்க. பருத்தி நூல்ல கைப்பை, குழந்தைத் தொப்பி, மேசை விரிப்புன்னு இங்கேயும் பின்னுறவங்க இருக்காங்க. வரிசைக்கு 80 லூப், 300 வரிசைன்னா 24,000 லூப் ஆச்சு. அதுல ஒண்ணே ஒண்ணு ஊசியிலிருந்து நழுவினாலும் அதுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் ஏணிப்படி மாதிரி சரசரன்னு இறங்கிடும்.

சாதாப் பின்னல் ஒரு வாரத்துல பழகிடும். கஷ்டம் ஆரம்பிக்கிறது லேஸ் மாதிரி வேலைப்பாட்டுல. அங்கே ஓட்டைதான் டிசைன். வேணும்னே நூலைச் சுத்தி ஒரு ஓட்டை விடணும், அதுக்கு ஈடா பக்கத்துல ரெண்டு லூப்பைச் சேர்த்து ஒண்ணாக்கணும். ஓட்டை போட்டுட்டுச் சேர்க்க மறந்தா கணக்குல ஒண்ணு கூடிப்போகும். உடனே தெரியாது. எட்டு வரிசை தள்ளி இலை வரவேண்டிய இடத்துல இலை கோணும். கோணல் இங்கே, தப்பு அங்கே. நடுவுல மூணு நாள் உழைப்பு. வயர் கூடை போடுற அம்மாக்களைக் கேட்டுப் பாருங்க, சிவன் கண் கூடையிலயும் இதே கதைதான். கண் அமையலைன்னு தெரியும்போது முடிச்சு எங்கேயோ முன்னாடியே தப்பியிருக்கும்.

அந்த நேரத்துல வர்ற கோபம் இருக்கே, அது யார் மேல? நூல் மேலயா, ஊசி மேலயா? “பொறுமை வேணும்பா”ன்னு பெரியவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது பாதி பதில்தான்னு எனக்குத் தோணுது. நம்ம கண்ணு ரொம்ப வேகமாக் கத்துக்குது. பத்து நிமிஷ வீடியோ பார்த்ததும் “ஓ, இவ்வளவுதானா”ன்னு புரிஞ்சுடும். கைக்கு அது புரியாது. கண்ணு முன்னாடியே போய் நின்னுக்கிட்டுக் கையை “வா, வா”ன்னு அதட்டுது. கோபம் பிறக்கிறது அந்த இடைவெளியிலதான். பொறுமை இல்லாததை விட, தெரிஞ்சுட்டாலே முடியும்னு நம்பறதுதான் அதுக்குப் பெரிய காரணம்.

தமிழ்ல இதுக்கு ஒரு அழகான விஷயம் இருக்கு. “எனக்குப் பின்னத் தெரியும்”னும் சொல்றோம், “எனக்குப் பின்ன வரும்”னும் சொல்றோம். ரெண்டும் ஒண்ணு இல்ல. தெரியறது தலைக்கு, வர்றது கைக்கு. “எனக்கு வரலை”ன்னு சொல்லும்போது வாக்கியத்துல எழுவாய் நாம இல்ல, கலைதான். அது வரணும், அல்லது வராம இருக்கும். கை வந்த கலைங்கிறதும் இதே கணக்குதான்.

சரி, வரவேண்டியது அதுன்னா, “முருகா, இது எனக்கு வரட்டும்”னு கேட்டுட்டா என்ன? நம்மில் பலரும் கேட்கிறதுதான். அருணகிரிநாதர் கதை நம்ம எல்லாருக்கும் பிடிக்கும். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிப் பிடிக்க, அப்புறம் பாட்டு வெள்ளமா வந்ததுன்னு கேட்டு வளர்ந்தோம். ஒரே ராத்திரியில மாறிப்போச்சு பாருங்கன்னு சொல்லிக்கிறோம். ஆனா அந்தத் திருப்புகழின் சந்தத்தைத் தாளம் பிசகாமப் பாடக் கத்துக்கிறவங்க வருஷக்கணக்கில் உட்காருறாங்க. அவங்க பக்தியில குறைன்னு யாராவது சொல்வோமா?

ஒரு கற்பனை. நாளைக்குக் காலையில எழுந்ததும் உங்க கைக்கு லேஸ் பின்னல் முழுசா வந்துடுச்சு. பயிற்சியே இல்ல, நேரா வரம். இதுல அநியாயம்னு ஒண்ணும் எனக்குத் தெரியலை. கிடைச்சதை வச்சுச் சந்தோஷமாப் பின்னலாம். ஆனா பத்தாவது வரிசையில பிசகினா என்ன பண்ணுவீங்க? எந்த லூப் எந்தப் பக்கம் சாஞ்சா எது தப்புன்னு படிக்கத் தெரியறது, நூறு தடவை பிரிச்சவங்களுக்குத்தான். தப்புகளோட பரிச்சயமும் திறமைக்குள்ள சேர்ந்ததுதான். அதையும் சேர்த்து வரமாக் கேட்டா, கடைசியில நாம கேட்கிறது அந்த நூறு தடவை பிரிக்கிறதைத்தான்!

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. விட்டுட்டுப் போக முடியறவங்களுக்குத்தான் விடாமுயற்சி ஒரு உபதேசம். வொயிட் டவுன்ல ரொமேன் ரோலன் வீதியில, பழைய பிரெஞ்சுக்காலக் கட்டடம் ஒண்ணுல க்ளூனி எம்பிராய்டரி சென்டர் இருக்கு. 1827-ல் பாண்டிச்சேரிக்கு வந்த க்ளூனி சபைக் கன்னியர்கள் நடத்துறது. கன்னியர் மடம்னு ஒதுங்காம ஒருதடவை போய்ப் பாருங்க. அங்கே பெண்கள் கையால பூத்தையல் போடுறாங்க. பின்னல் இல்ல, தையல்தான். ஆனா அதே கண்ணு, அதே கழுத்துவலி. அது அவங்களுக்குப் பிழைப்பு. “மூட் இல்ல”ன்னு மூணு மாசம் பைக்குள்ள போட்டு வைக்கிற வசதி அதுல கிடையாது.

நாகர்கோவில்ல 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்தார். திருவிதாங்கூர்ல 1855 வரைக்கும் அடிமைமுறை இருந்தது. லேஸ் வித்த காசில் தங்களை மீட்டுக்கிட்ட பெண்கள் உண்டுன்னு மிஷன் வரலாறுகள் சொல்லுது. அவங்களுக்கும் நூல் சிக்கியிருக்கும், கணக்குப் பிசகியிருக்கும். அந்தச் சிக்கலோட எடையே வேற.

அதனால பொழுதுபோக்குக்காக ஆரம்பிச்சதைப் பிடிக்கலைன்னு நிறுத்தினா அதுல பாவம் ஒண்ணும் இல்ல. வலுக்கட்டாயமா முடிச்சு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனா பாதியில விட்டவங்களுக்கும் ஒரு கடமை மிச்சம் இருக்குன்னு நினைக்கிறேன். கைவேலைக் கடையில நின்னு “இத்தனூண்டு துணிக்கு இவ்வளவு விலையா?”ன்னு அவங்க கேட்கக் கூடாது. நாலு வரிசை பின்னிப் பிரிச்சவங்களுக்கு அந்த விலையில எத்தனை ராத்திரி இருக்குன்னு தெரியும். தெரிஞ்சும் பேரம் பேசறது, தெரியாமப் பேசறதை விட மோசம்.

யாரும் பார்க்காத சின்னத் தப்பைப் பிரிக்கணுமான்னு கேட்டா, லூப் நழுவியிருந்தா பிரிச்சே ஆகணும், விட்டா ஓடிடும். வெறும் கோணல்னா, உங்களுக்கான துணியில இருந்துட்டுப் போகட்டும். காசு வாங்கிக் கொடுக்கிறதுன்னா பிரிங்க.

தொடர்றவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பத்து வரிசைக்கு ஒருதடவை, கணக்கு சரியா இருக்கான்னு எண்ணிட்டு, வேற நிறத்துல ஒரு மெல்லிய நூலை தையல் ஊசியில கோத்து அந்த வரிசை லூப் எல்லாத்துக்குள்ளேயும் ஓட்டி விட்டுடுங்க. பின்னுறவங்க இதை லைஃப்லைன்னு சொல்வாங்க. மேலே தப்பினா பிரிச்சுக்கிட்டே வரலாம், அந்த நூல்கிட்ட வந்ததும் பிரியறது நின்னுடும். வேலை முடிஞ்சதும் உருவி எடுத்துடலாம். அப்புறம், நம்ம ஊர் வியர்வைக்கு ஸ்டீல் ஊசி வழுக்கும். மூங்கில் ஊசி வாங்குங்க.