தராசும் நீதியும்

அளத்தல் அறிவின் தொடக்கம். ஆயின், மனித உழைப்பை அளக்க முற்படும்போது அறநெறி சார்ந்த வினாவொன்றும் உடனெழுகின்றது. அங்கு அளக்கப்படுவது யாது? உழைப்பா, உழைப்பவரா, அன்றி அவருக்கு வாய்த்த சூழலா?

கண்டியின் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலைத் தொழில் அங்கிருந்தே வளர்ந்தது. அத்தொழிலில், கொழுந்தெடுக்கும் பெண்ணின் ஒரு நாளைத் தராசே தீர்மானிக்கின்றது. குறித்த நிறை சேர்ந்தால் முழுநாட் சம்பளமாகிய ‘பேர்’, சேராவிடின் ‘அரைப்பேர்’. சம்பள நிர்ணய சபை 2021இல் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்தபோதும், அதற்கு எத்தனை கிலோ என்பதே தோட்டங்களில் பெருஞ் சர்ச்சையாயிற்று. வறட்சியில் கொழுந்து அருகுகின்றது. முதிர்ந்த செடி குறைவாகத் தளிர்க்கின்றது. செங்குத்தான மலையில் நடை தாமதிக்கின்றது. இவையனைத்தும் தராசில் அப்பெண்ணின் குறையாகவே தோன்றுகின்றன.

உழைப்பை நிறையால் அளக்கும் இம்முறை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பெத்லெகேம் உருக்கு நிறுவனத்தில், இரும்புக் கட்டிகளைச் சுமந்தேற்றிய தொழிலாளியின் நாளாந்த அளவு 12.5 தொன்னிலிருந்து 47.5 தொன்னாக உயர்ந்ததென்று, 1911இல் வெளியிட்ட நூலில் பிரெடரிக் டெய்லர் எழுதினார். கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. இக்கணக்கின் துல்லியத்தைப் பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றனர். எனினும், அவர் கூற்றின்படியே சுமை ஏறக்குறைய நான்கு மடங்காக, கூலி இரு மடங்கைக்கூட எட்டவில்லை.

உருக்குக் கட்டமைப்புப் பட்டறைகளிலும் ஒரு தொன்னுக்கு எத்தனை மனித மணி என்று கணக்கிடுவது வழக்கம். பாரமான தூலமொன்றில் துளையிடலும் பற்றவைத்தலும் சிலவாக இருக்கலாம். இலேசான கூரைச் சட்டகத்தில் அவை பலவாகும். தொன்னால் மட்டும் அளந்தால், நுட்பமான வேலையைச் செய்தவர் சோம்பேறியாகத் தோன்றுவார். இணைப்புகளின் எண்ணிக்கையையும் பற்றவைப்பின் நீளத்தையும் சேர்த்தளந்தாலே உண்மை புலப்படும். பாரந்தூக்கிக்காகக் காத்திருத்தல், வரைபடப் பிழையால் வெட்டியதை மீண்டும் வெட்டல் ஆகியவற்றிற் கழியும் நேரத்தையும் குறித்தல் வேண்டும். அவ்விரயத்தை நீக்குவது முகாமையின் கடன். தொழிலாளியின் கையை விரைவுபடுத்துவதால் அது தீராது.

எனின், அளவுகோலே வேண்டாம் எனலாமா? அதுவும் பொருந்தாது. அளவில்லாத இடத்தில் மேலாளரின் விருப்பே அளவாகிவிடும். நன்கு உழைத்தவருக்குத் தம் உழைப்பை நிறுவ வழியிராது. ஆகவே, அளக்கப்படுபவரும் அளவுகோலை வகுப்பதிலும் சரிபார்ப்பதிலும் பங்குகொள்ளல் வேண்டும். பெருகிய பயனிலும் அவருக்குப் பங்கு வேண்டும்.

கொழுந்து மடுவத்துத் தராசு செடியின் முதுமையையும் மலையின் சரிவையும் நிறுக்க அறியாது. அவற்றைக் கணக்கிற் சேர்க்கும் பொறுப்பு தராசைப் பிடிப்போர்க்கே உரியது.