லயத்து முற்றமே மேடை

மாசி பிறந்தால் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கான தப்புச் சத்தம் கேட்கும். காமன் ஊன்றி, ரதி மதன் வேசம் கட்டி, சிவன் எரித்த மன்மதனுக்காக ரதி அழும்போது லயமே சேர்ந்து அழும். ரதியாக ஆடுபவர் பகலில் மலையில் கவ்வாத்து வெட்டியவராக இருப்பார். பார்ப்பவர்கள் எல்லாம் அவருடைய உறவுக்காரர்கள். டிக்கெட் இல்லை, திரை இல்லை.

தொழிலாளியே ஆடி, தொழிலாளியே பார்க்கும் இப்படியொரு மேடை இன்னொரு நாட்டிலும் எழுந்தது. 1965ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூயிஸ் வால்டேஸ் அவர்களை வைத்தே ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். பெயர் எல் தியாத்ரோ கம்பெசினோ. லொறித் தட்டுதான் மேடை. 'முதலாளி', 'கருங்காலி' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வேசம் முடிந்தது. நடித்தவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசிய அதே கூலித் தொழிலாளர்கள். கூட்டத்தில் பேசத் தயங்கியதை அவர்கள் ஆடிக் காட்டினார்கள்.

நம்மிடம் தப்பு இருக்கிறது, ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விடிய விடியப் பார்க்கும் சனமும் இருக்கிறது. கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமாக விழும் அரைப்பேர், சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும் காசு, படிப்பை விட்டுக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளை: இவை ஏன் இன்னும் கூத்துக்குள் வரவில்லை?

தோட்டத்து இளைஞர்களே, ஆசிரியர்களே, அடுத்த மாசிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறே பெரட்டுக்களத்தில் பத்து நிமிட நாடகம் ஒன்றைப் போடுங்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவையும் ஒரு வேசம் கட்டச் சொல்லுங்கள்.