எப்பப்பிராவின் உழைப்பு

வீட்டுக்குப் போனதும் கொலோசையர் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பெயர்களும் வாழ்த்துகளும்தான். அவசரத்தில் தாண்டிவிடுவோம். அந்தப் பெயர்களுக்கு நடுவே எப்பப்பிரா இருக்கிறார்.

கொலோசை இன்றைய துருக்கியில், லைக்கசு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர். கம்பளிக்குப் பேர்போனது. பக்கத்திலிருந்த இலவோதிக்கேயா வளர வளர, இது தேய்ந்துபோனது. அந்த ஊர்ச் சபையார் கிறிஸ்துவை அறிந்தது எப்பப்பிராவால். அவர் அதே ஊர்க்காரர். பவுல் பிலமோனுக்கு எழுதும்போது அவரைத் தம் உடன் கைதி என்கிறார். பவுல் எழுதிய கொலோசையர் திருமுகத்தை எடுத்துக்கொண்டு திக்கிக்கும் ஒனேசிமும் ஊருக்குப் புறப்பட்டார்கள். எப்பப்பிரா பவுலோடு இருந்துவிட்டார்.

அங்கிருந்து அவர் தம் மக்களுக்காக மன்றாடினார். களத்தில் இறங்கியவன் படும் பாடாகவே பவுல் அதைப் பார்க்கிறார். கொலோசைக்கும் இலவோதிக்கேயாவுக்கும் எராப்பொலிக்கும் சேர்த்து அவர் மிகவும் உழைக்கிறார் என்று சாட்சியும் சொல்கிறார். சொல்பவர் யார்? மூன்று முறை கப்பல் சிதைந்தும் பிழைத்தவர், தடியடி பட்டவர். உழைப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

நாமோ மருத்துவமனை வாசலில் நின்று, “ஜெபம்தான் பண்ண முடியும் ஃபாதர்” என்கிறோம். மற்ற வழியெல்லாம் அடைபட்ட பிறகு கையை விரிப்பதற்கு அது ஒரு மரியாதையான வழி. எப்பப்பிராவுக்கு ஜெபம்தான் வேலையே. அவர் கேட்டதையும் கவனியுங்கள்: தம் மக்கள் இறைத்திருவுளத்தில் தேர்ச்சி பெற்று உறுதியாக நிற்கவேண்டும் என்பது. நோய் தீரவும் விசா கிடைக்கவும் கேட்பதில் தவறில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் பிள்ளை விசுவாசத்தில் நிலைக்கவேண்டும் என்று எத்தனை பேர் பூசைக் கருத்து எழுதித் தருகிறோம்?

இதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிக்க வேண்டியதில்லை. தமக்குள் செயலாற்றும் கிறிஸ்துவின் வல்லமையால்தான் பாடுபடுகிறேன் என்று பவுல் இதே திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் சொல்லிவிடுகிறார்.

விசுவாச அறிக்கைக்குப் பின் மன்றாட்டுகள் வரும். வாசிப்பவர்களே, தயவுசெய்து ஓடாதீர்கள். பதில் சொல்லுமுன் ஒவ்வொருவரும் ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டிலிருக்கும் மகன், பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன், கோவிலுக்கு வருவதை விட்டுவிட்ட பக்கத்து வீட்டுக்காரர். எழுந்து நிற்போம்.