பத்தாமவனின் தலைக்காயம்

உளவியல் ஆலோசனையை முதுகலைப் பாடமாக எடுத்துப் படிக்க வரும் மாணவனுக்கு முதல் பருவத்திலேயே தத்துவம் என்று ஒரு தாள் வைக்கப்பட்டிருந்தால், அவன் சற்றுச் சலித்துக்கொள்வது இயல்பு. துன்பப்படுபவரின் பேச்சை எப்படிக் கேட்பது, எப்போது மௌனமாக இருப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்றெல்லாம் பயில வந்தவனுக்குச் சாங்கியமும் கிரேக்கச் சிந்தனையும் எதற்கு? மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, பிறகு மறந்துவிட வேண்டிய ஒன்றாகவே அது தோன்றும். இதில் கற்பிப்பவர்களின் பங்கும் உண்டு. தத்துவத்தைப் பெயர்களும் ஆண்டுகளுமாக ஒப்பித்தால் அது வேறு எப்படித் தோன்றும்?

ஆனால் ஈசுவர கிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகையின் முதல் செய்யுளை எடுத்துக்கொண்டால், அந்த மாணவன் நிமிர்ந்து உட்காருவான். மூவகைத் துன்பங்களால் தாக்கப்படுவதால்தான் அவற்றைப் போக்கும் வழியை அறியும் விருப்பம் பிறக்கிறது என்று அந்த நூல் தொடங்குகிறது. தத்துவம் வியப்பில் பிறந்தது என்றார்கள் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும். இங்கோ அது துன்பத்தில் பிறக்கிறது. ஆலோசனை அறையின் கதவைத் தட்டுபவர் யாரும் வியப்பினால் உந்தப்பட்டு வருவதில்லை.

மூவகைத் துன்பங்கள் எவை? தன் உடலிலும் மனத்திலும் தோன்றுவது ஆத்யாத்மிகம். பிற மனிதர்களாலும் பிற உயிர்களாலும் வருவது ஆதிபௌதிகம். இயற்கை, தெய்வ சக்திகள் ஆகியவற்றால் நேர்வது ஆதிதைவிகம். சாங்கிய காரிகைக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிச்ரர், முதல் வகையை மேலும் இரண்டாகப் பிரித்தார். வாத, பித்த, கபங்களின் ஏற்றத்தாழ்வினால் வருவது உடல் சார்ந்தது. ஆசை, சினம், அச்சம் போன்றவற்றால் வருவது மனம் சார்ந்தது.

இந்தப் பாகுபாடு பழைய சொற்களில் இருப்பதால் அதைப் பழம்பொருளாக நினைத்துவிடக் கூடாது. குடித்துவிட்டு வந்து நாள்தோறும் அடிக்கும் கணவனோடு வாழும் ஒரு பெண் ஆலோசனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய துன்பத்தின் பெரும்பகுதி ஆதிபௌதிகம். அதை அறியாத இளம் ஆலோசகர், அவளுடைய எண்ணங்களைச் சீர்ப்படுத்துவதில் இறங்குகிறார். மூச்சுப்பயிற்சி சொல்லித் தருகிறார். பொறுமையின் பெருமையை எடுத்துரைக்கிறார். துன்பம் அவளுக்குள்ளிருந்தே எழுகிறது என்ற பொய்யை அவர் தம்மை அறியாமல் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. பல வாரங்களாக உறக்கமின்றி, பசியின்றி, எழுந்து நடக்கவும் வலுவின்றிச் சோர்ந்திருப்பவரோ முதலில் மனநல மருத்துவரைக் காண வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த பரிகாரங்கள் இருக்கும்போது தத்துவ விசாரணை எதற்கு என்ற கேள்வியைச் சாங்கிய காரிகையே எழுப்பிக்கொள்கிறது. அவற்றால் துன்பம் உறுதியாகவும் முடிவாகவும் நீங்குவதில்லை என்பதே அது தரும் விடை. பரிகாரங்களே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

ஒவ்வோர் ஆலோசனை முறையின் அடியிலும், மனிதன் என்பவன் யார் என்ற கேள்விக்கான ஒரு விடை மறைந்திருக்கிறது. 1956-இல் கார்ல் ரோஜர்ஸும் ஸ்கின்னரும் நடத்திய புகழ்பெற்ற விவாதம் இதைப் பற்றியதே. மனிதனின் நடத்தையைச் சூழல் உருவாக்குகிறது, எனவே சூழலைத் திருத்தினால் மனிதன் திருந்துவான் என்பது ஸ்கின்னரின் நிலை. தேர்ந்தெடுக்கும் ஆற்றலும் வளரும் ஆற்றலும் மனிதனுக்குள்ளேயே இருக்கின்றன, அவனை ஏற்று மதித்துப் புரிந்துகொண்டால் அவை வெளிப்படும் என்பது ரோஜர்ஸின் நிலை. (ரோஜர்ஸ் உளவியலுக்கு வருமுன் ஈராண்டுகள் கிறிஸ்தவ இறையியல் கல்லூரியில் பயின்றவர் என்பது பலருக்குத் தெரியாது.) 1955-இல் தம் சிகிச்சை முறையைத் தொடங்கிய ஆல்பர்ட் எல்லிஸ், நிகழ்ச்சிகளைவிட அவற்றைப் பற்றிய கருத்துகளே மனிதனைக் கலக்குகின்றன என்ற அடிப்படையை எபிக்டீடஸிடமிருந்து பெற்றதாக வெளிப்படையாகவே கூறினார். அடிமையாகப் பிறந்த அந்த ஸ்டோயிக் ஞானியின் சிந்தனை, ஏறத்தாழ 1900 ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் மருந்தானது.

சட்டத்திலும் இதைக் காணலாம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் குற்றவாளி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இல்லை. செயல் ஒன்றுதான், அதைச் செய்தவனை யார் என்று கருதுவது என்பதில்தான் மாற்றம்.

மேற்சொன்ன விடைகளுள் எது சரி என்று மாணவன் உடனே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. தான் எந்த விடையைச் சுமந்துகொண்டு அந்த அறைக்குள் நுழைகிறோம் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். வேதாந்தத்தில் பற்றுள்ள மாணவனுக்கு இந்த எச்சரிக்கை மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. மகனைப் பறிகொடுத்த தாயிடம் ஆத்மாவுக்கு அழிவில்லை என்று சொல்வதில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அந்த நேரத்தில் அது அவளைத் தனிமையில் தள்ளிவிடுகிறது. இதையும்விடக் கொடியது, எல்லாம் கர்மவினை என்று சொல்வது. தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பேற்று எழுந்து நிற்பதற்காகவே சுவாமி விவேகானந்தர் கர்மக் கோட்பாட்டைப் போதித்தார். அதைப் பிறருடைய கண்ணீருக்கு விளக்கமாகப் பயன்படுத்துபவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். செயலில் பற்றுக்கொண்டிருப்பவர்களின் புத்தியைக் கலக்கிவிடலாகாது என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் அறிஞனுக்கு விதித்த கட்டுப்பாடு, ஆலோசகனுக்கும் பொருந்தும்.

அப்படியானால் உண்மையை எப்போது, எப்படிச் சொல்வது? பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யர் அருளிய பஞ்சதசி என்னும் நூலின் ஏழாம் பிரகரணம் இதற்கு வழிகாட்டுகிறது. அங்கு அவர் விரித்துரைப்பது, வேதாந்த மாணவர் அனைவருக்கும் தெரிந்த பத்தாவது மனிதனின் கதை.

பத்துப் பேர் ஓர் ஆற்றைக் கடந்து மறுகரை ஏறினார்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒருவன் எண்ணிப் பார்த்தான். தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஒன்பது பேரே இருந்தார்கள். பத்தாமவன் ஆற்றில் போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவ்வழியே வந்த ஒருவர், நம்பிக்கைக்கு உரியவர், பத்தாமவன் இருக்கிறான் என்றார். பிறகு அவனை மீண்டும் எண்ணச் செய்து, அந்தப் பத்தாமவன் நீயே என்று காட்டினார். அழுகை நின்றது.

இந்தக் கதையில் வித்யாரண்யர் ஏழு நிலைகளைக் காண்கிறார். அறியாமை, மறைப்பு, தவறான தோற்றம், கேட்டறிந்த அறிவு, நேரடி அறிவு, துயர் நீங்குதல், நிறைவு என்பன அவை. வழிப்போக்கர் வந்த உடனேயே நீதான் பத்தாமவன் என்று சொல்லவில்லை என்பதை மாணவன் கவனிக்க வேண்டும். இருக்கிறான் என்ற செய்தியை முதலில் தந்தார். அதை நம்பிச் சற்றே மூச்சுவிட இடம் கொடுத்தார். அதன் பின்னரே அவனைக் கொண்டே எண்ணச் செய்தார். திருமணத்தில் அருந்ததியைக் காட்டுபவர் முதலில் அருகிலுள்ள பெரிய விண்மீனைக் காட்டி, அதிலிருந்து சிறிய அருந்ததிக்குக் கண்ணைக் கொண்டுசெல்வதைப் போன்றது இது.

வழிப்போக்கர் அவர்கள் அழுகையைப் பார்த்து நகைக்கவுமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேடிக்கை. அவனுக்கோ உண்மையிலேயே ஒரு தோழன் செத்துப்போயிருக்கிறான். காரணம் பொய்யானாலும் கண்ணீர் மெய்யானது. ஆலோசகரிடம் வருபவர்களின் அச்சங்கள் பலவும் இவ்வாறானவையே.

வித்யாரண்யர் இத்துடன் நிறுத்தவில்லை. அதே பிரகரணத்தில் பின்னர், பெரும்பாலான சொற்பொழிவுகளில் விட்டுவிடப்படும் ஒரு செய்தியைச் சொல்கிறார். உண்மை தெரிந்ததும் அவன் அழுகை அந்தக் கணமே நின்றுவிட்டது. ஆனால் அடித்துக்கொண்டதால் தலையில் ஏற்பட்ட காயம் உடனே ஆறவில்லை, அது மெல்ல மெல்ல ஒரு மாதத்தில்தான் ஆறியது என்கிறார். ஞானம் பெற்ற பின்னும் பிராரப்த வினையின் விளைவுகள் தொடர்வதை விளக்கவே இந்த உவமை வந்தது. ஆலோசனைக்கும் இது அப்படியே பொருந்துகிறது. தன் துன்பத்தின் வேரை ஒருவர் தெளிவாகப் புரிந்துகொண்டிருப்பார். ஆயினும் இரவில் நெஞ்சு படபடக்கும். பழைய பயம் கைகால்களை நடுங்க வைக்கும். இவ்வளவு புரிந்தும் ஏன் இப்படி என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். அனுபவமற்ற ஆலோசகரும் அப்படியே கேட்டுவிட்டால், ஆறத் தொடங்கிய காயத்தின் மேல் இன்னோர் அடி விழுகிறது. தலையில் காயம் இருப்பதால் பத்தாமவன் இன்னும் அறியாமையில் இருக்கிறான் என்று பொருளில்லை. காயத்துக்கு வேண்டியது மருந்தும் நாட்களும்.

இந்தியாவில் உளவியல் தத்துவத்தின் வீட்டில் பிறந்த குழந்தை. கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு 1905-இல் சோதனை உளவியலுக்கான பாடத்திட்டத்தை வகுத்தவர் தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல். 1916-இல் அங்கே உளவியல் தனித்துறை ஆயிற்று. இதே சீலிடம்தான், கல்லூரி நாட்களில், மனக்கலக்கத்துடன் ஓர் இளைஞர் வந்தார். அவர் நரேந்திரர். 1881-இல் இருவரும் ஹேஸ்டி அவர்களின் மாணவர்கள். வயதில் நரேந்திரர் மூத்தவர். வகுப்பில் சீல் ஓராண்டு மேல்.

மில், ஹியூம், ஸ்பென்சர் ஆகியோரின் நூல்கள் நரேந்திரரின் இளமைக்கால இறைநம்பிக்கையை அசைத்திருந்தன. சீல் தமக்குத் தெரிந்த மருந்தைத் தந்தார். படிக்க வேண்டிய நூல்களைச் சொன்னார். ஷெல்லியின் கவிதையை அறிமுகம் செய்தார். உலகெங்கும் விளங்கும் பேரறிவே பரம்பொருள் என்ற தம் கொள்கையை எடுத்துரைத்தார். நரேந்திரரின் அறிவு அதைப் பெரிதும் ஏற்றது. ஆனால் புலன்களோடும் உள்ளத்தின் வறட்சியோடும் நடந்த போராட்டத்தில் அது கைகொடுக்கவில்லை. கண்ணால் காணக்கூடிய, கைப்பிடித்துத் தூக்கக்கூடிய ஒரு சக்தியை அவர் தேடினார். 1907-இல் பிரபுத்த பாரதத்தில் இதையெல்லாம் சீல் ஒளிவுமறைவின்றி எழுதினார். தாம் தந்தது போதவில்லை என்று அவ்வளவு பெரிய அறிஞர் பதிவு செய்திருப்பது, ஆலோசனை பயிலும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று.

1884 பிப்ரவரியில் நரேந்திரரின் தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. வேலை தேடி வெறுங்காலுடன் வெயிலில் அலைந்தார். வீட்டில் மற்றவர்களுக்கு உணவு போதாது என்றறிந்து, வெளியே விருந்து இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். கடவுளே இல்லை என்று வாதிட்டார். அவர் கெட்டுப்போய்விட்டார் என்ற பேச்சு தக்ஷிணேசுவரத்தை எட்டியது. அங்கு அதைச் சொன்னவர்களை ஸ்ரீராமகிருஷ்ணர் அதட்டி வாயடக்கினார். நரேந்திரரிடம் விளக்கம் எதுவும் அவர் கேட்கவில்லை.

குடும்பத்தின் பசி தீர அன்னையிடம் தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு நரேந்திரர் ஒருநாள் அவரை வற்புறுத்தினார். பசியும் மாயை என்று குருதேவர் சொல்லவில்லை. நீயே போய்க் கேள் என்று அனுப்பினார். மும்முறை சென்ற நரேந்திரர் மும்முறையும் விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே கேட்டுத் திரும்பினார். பின்னர் அவர் மீண்டும் வற்புறுத்தியபோது, அவருடைய வீட்டாருக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர் வாக்களித்தார். அன்றிரவு முழுவதும் நரேந்திரர் அன்னையின் பாடலைப் பாடிக்கொண்டிருந்தார். மறுநாள் நண்பகலில் அங்கு வந்த வைகுண்டநாத் சான்யால், அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அவர் அயர்ந்து உறங்குவதையும், ஸ்ரீராமகிருஷ்ணர் மகிழ்ச்சியால் முகம் மலர அமர்ந்திருப்பதையும் கண்டார்.