சர்க்கார் நாற்காலிக்கு வரும் அழைப்பு

அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியார் கம்பெனிக்குப் போவது ஆகுமா என்ற கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துப் பள்ளிகளில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய்க் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் இன்ஜினியராக இருப்பார். பிள்ளைகள் மேல்படிப்பை எட்டியிருப்பார்கள். தகப்பனாரோ, "சர்க்கார் சோற்றை உதறாதே" என்று சொல்லியிருப்பார்.

ஆகும் என்பதே பதில். ஹலாலான ஒரு தொழிலிலிருந்து ஹலாலான மற்றொரு தொழிலுக்கு மாறுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவான பின்பும் துணியைச் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) முதலானோர் வழிமறித்து, பைத்துல் மாலிலிருந்து ஊதியம் நிர்ணயித்த பிறகே வணிகத்தை விட்டார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூர் கொடுத்த காஜி பதவியை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக அமர்ந்தார்கள். ஆசிரியர் மறுத்ததும் அல்லாஹ்வுக்கு அஞ்சி. மாணவர் ஏற்றதும் அல்லாஹ்வுக்கு அஞ்சி.

சர்க்கார் வேலைதான் நிரந்தரம் என்ற எண்ணமும் சரியல்ல. இரணத்தை அளப்பவன் அல்லாஹ். சேப்பாக்கத்தில் பொதுப்பணித் துறை இயங்குகிற வளாகமே ஒரு காலத்தில் நவாப் வாலாஜாவின் அரண்மனை. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால், "ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட முடியாத ஓர் அன்பரும் வந்தார். கட்டடப் பணிகளை மேற்பார்வை செய்யும் அரசுப் பொறியாளர். கை சுத்தமானவர், காண்ட்ராக்டர் வாங்கித் தரும் தேநீரைக்கூடக் குடிக்காதவர் என்று மஹல்லாவில் பெயர். ஒரு கட்டுமானக் கம்பெனி மூன்று மடங்கு சம்பளத்துக்கு அவரை அழைக்கிறது. மகளின் கல்லூரிச் செலவை எண்ணி அவர் தூக்கமிழந்திருக்கிறார். பேச்சின் நடுவில் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்: அந்தக் கம்பெனியின் பில்களுக்கு எம்-புக்கில் அளவு சரிபார்த்துக் கையெழுத்திடுபவரும் அவரேதான். "ஒரு பைசா வாங்கியதில்லை, ஹஜ்ரத். இது சம்பளம்தானே, லஞ்சமில்லையே?" என்று கேட்டார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவருக்கு நினைவூட்டினோம். அஜ்து கூட்டத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். அண்ணலார் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கடுமையாகக் கேட்டார்கள். அவர் யாரையும் மிரட்டி வாங்கியதாக அந்த அறிவிப்பில் இல்லை. ஒளிக்கவுமில்லை, சபையில் வைத்தே சொன்னார். ஆனாலும் அந்தப் பொருள் அவரைத் தேடி வரவில்லை, அவர் வகித்த பொறுப்பைத் தேடி வந்தது.

வேலைக்கு வரும் அழைப்பையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும் என்பது நம் கருத்து. அவரிடம் கேட்டோம்: "நாளைக்கே உங்களை எந்த பில்லும் வராத ஒரு பிரிவுக்கு மாற்றிவிட்டால், இதே கம்பெனி இதே சம்பளத்துக்கு அழைக்குமா?" வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அழைப்பார்கள், ஆனால் இந்தச் சம்பளத்துக்கு அல்ல" என்றார். அந்த இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் எதற்கான விலை? அவர் இதுவரை போட்ட கையெழுத்துக்கா, இனி அவருடைய பழைய சகாக்கள் போடப்போகும் கையெழுத்துக்கா, அடுத்த டெண்டரின் எஸ்டிமேட் அவர் மனத்தில் இருப்பதற்கா? இவற்றில் எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. எல்லாம் அமானிதம்.

அரசாங்கத்தில் கற்ற கல்வியை வெளியே கொண்டுபோவதே கூடாது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். கல்வி மனிதனோடு போகும். அதைப் பிடுங்கி வைக்க முடியாது. இஸ்ரோவில் பொறியாளர்களாக இருந்த பவன் குமார் சந்தனாவும் பரத் டாக்காவும் வெளியேறி 2018இல் ஐதராபாத்தில் ஸ்கைரூட் கம்பெனியைத் தொடங்கினார்கள். 2022 நவம்பர் 18 அன்று அவர்களுடைய ராக்கெட் பறந்தது. நம் அடையாற்று ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2017இல் தோன்றிய அக்னிகுல் கம்பெனியை நிறுவியவர்களுள் மொயின் என்ற நம் சகோதரரும் ஒருவர். இஸ்ரோவின் வசதிகளைப் பயன்படுத்த 2020 டிசம்பரில் அந்தக் கம்பெனி விண்வெளித் துறையுடன் வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதன் ராக்கெட் எழுந்தது. அரசின் பொருள் தனியாருக்குப் பயன்படுவதில் குற்றமில்லை. கொடுப்பவன் அறிய, எழுத்தில், பகிரங்கமாக நடக்க வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் அவர்கள் அரசுத் துறையிலேயே தங்கிவிட்டார்கள் என்பதால், வெளியேறுபவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது அநியாயமான பேச்சு.

சட்டமும் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. மத்திய அரசின் ஓய்வூதியம் பெறும் முதல்நிலை அதிகாரிகள், ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர முன் அனுமதி பெற வேண்டும். நம் அன்பர், இந்த விதி தம்மைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடினார். இருக்கலாம். பேணுதல் உள்ளவர் விதி முடிந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை.

வேறு கம்பெனியைத் தேடுங்கள்; உங்கள் கையெழுத்தை ஒருபோதும் எதிர்பார்த்திராத கம்பெனியாக இருக்கட்டும்; சம்பளம் இரண்டு மடங்கானாலும் அதில் பரக்கத் இருக்கும் என்றோம். இதே கம்பெனிக்குத்தான் போக வேண்டுமென்றால், முதலில் அவர்களுடைய வேலைகளிலிருந்து உங்களை மாற்றும்படி மேலதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள், கொஞ்ச காலம் போகட்டும், அப்போதும் அழைத்தால் பார்க்கலாம் என்றோம். அதற்குள் மகளுக்குக் கல்லூரி திறந்துவிடுமே என்றார். அவருடைய சங்கடம் பொய்யல்ல. அதற்கு நம்மிடம் சுலபமான பதில் இருக்கவில்லை. மஹல்லாவில் கல்விக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கக்கூடிய வசதியுள்ளவர்கள் இருவரிடம் பேசுவதாக மட்டும் ஒப்புக்கொண்டோம்.

இஸ்திகாராவும் தொழுதாராம், கனவு எதுவும் வரவில்லையாம். இஸ்திகாராவுக்குக் கனவு நிபந்தனையல்ல. இரண்டு ரக்அத் தொழுது, நன்மையானதை இலேசாக்கும்படி துஆ கேட்டு, அறிந்தவர்களிடம் மஷூரா செய்து, பிறகு ஒரு பக்கம் அடியெடுத்து வைப்பதுதான் அது. கம்பெனியின் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகு தொழுவதல்ல.

போகும்போது இன்னொன்றும் கேட்டார்: ராஜினாமா எழுதிக் கொடுத்த பிறகு, விடுவிக்கப்படும் வரையில் அதே கம்பெனியின் பில் மேசைக்கு வந்தால் என்ன செய்வது? தொடாமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஏன் என்று கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும்.