வெள்ளை அங்கிக்கும் விலக்கில்லை

"ஏன்?" என்ற ஒரே சொல்லைத்தான் நாம் படைக்கலமாக ஏந்தி நிற்கிறோம். பூசாரியிடம் கேட்டோம், புராணிகரிடம் கேட்டோம், பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்திருந்த சோதிடரிடமும் கேட்டோம். பேராசிரியரிடம் கேட்டோமா? ஆய்வுக்கூடத்தின் வாயிலிலே கைகட்டி, வாய்பொத்தி நிற்கிறோமே, அது பகுத்தறிவா, பழைய பக்தியின் புதிய கோலமா?

இவ்வினாவை எழுப்புகிறது, நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில், தேசிய மாதர் மருத்துவமனையிலே நடந்த நிகழ்ச்சி.

கருப்பை வாயிலே தோன்றும் புற்றுநோய் ஒரே நாளில் பாய்ந்து வருவதன்று. முதலில் மேற்பரப்பு உயிரணுக்கள் மட்டும் உருத்திரியும். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே, சிலருக்கு அது ஆழ இறங்கி உயிரைக் குடிக்கும். இடையிலே கிடைக்கும் காலம் மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. பாப்பனிக்கொலாவ் என்பார் 1943-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறைப்படி, உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், கேடு முளைவிடும்போதே தெரிந்துவிடும். கெட்ட பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டியெடுத்தால், பெரும்பாலோர்க்குப் புற்று வராமலே தடுத்துவிடலாம்.

வெட்டத்தான் வேண்டுமா? இப்படிக் கேட்டவர், அம்மருத்துவமனையின் இணைப் பேராசிரியர் ஹெர்பர்ட் கிரீன். கேட்டது குற்றமா? இல்லை. கருப்பையையே அகற்றிவிடுவதும் அந்நாளைய மருத்துவத்தில் உண்டு. அதன்பின் பிள்ளைப்பேறு ஏது? அந்த இழப்பிலிருந்து இளம்பெண்களைக் காக்க விரும்பினார். நல்ல நோக்கம்தான். ஐயம் அறிவியலின் உயிர்மூச்சு. அதை நாம் குறைகூறுவதற்கில்லை.

1966 ஜூன் திங்களில் மூத்த மருத்துவர்கள் கூடி அவர் திட்டத்துக்கு இசைவளித்தனர். பெண்கள் பலருக்குச் சிறு துணுக்கை மட்டும் வெட்டிச் சோதித்துவிட்டு, முழு மருத்துவம் செய்யாமல் கண்காணித்து வருவது என்றாயிற்று. எதற்காக? முன்நிலைக் கேடு புற்றாக மாறுமா என்று அறிவதற்கன்று. மாறாது என்று மெய்ப்பிப்பதற்கு! விடையை மடியிலே முடிந்துகொண்டு வினாவைத் தேடிப் புறப்பட்டார் பேராசிரியர்.

சிலருக்குப் புற்று ஆழ இறங்கிற்று. கொள்கை பொய்த்தது என்றாரா? இல்லை, தொடக்கத்திலேயே அங்கே முற்றிய புற்று இருந்திருக்க வேண்டும், பார்த்தவர்கள் தவறவிட்டனர் என்றார். சாதகம் பொய்த்தால், பிறந்த நேரத்தைப் பிழையாகக் குறித்துவிட்டீர்கள் என்பானே சோதிடன், அவனுக்கும் இவருக்கும் என்ன வேற்றுமை?

உயிரணு ஆய்வாளர் மெக்கின்டோவும், நோயியல் வல்லுநர் மெக்லீனும் எச்சரித்தனர்; 1970களின் தொடக்கத்திலேயே எழுதியும் கொடுத்தனர். கேட்பார் இல்லை. பதவியின் உயரம் செவியை அடைத்துவிட்டது. இறுதியில் 1984-இல், தோழர் இருவருடன் சேர்ந்து கணக்கை வெளியிட்டனர். சோதனையில் கேடு மறைந்துவிட்ட 817 பெண்களில் 12 பேருக்கே முற்றிய புற்று வந்தது. கேடு தொடர்ந்து நீடித்த 131 பேரில் 29 பேருக்கு வந்தது. 12 எங்கே, 29 எங்கே! அதுவும் எத்தனை பேரில்!

அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும்? அழைத்தபோது வந்தார்கள், மீண்டும் மீண்டும் சோதித்தார்கள், உரிய மருத்துவம் கிடைக்கிறது என்று நம்பி வீடு திரும்பினார்கள். தாம் ஓர் ஆய்வில் இருப்பதைப் பலர் அறியார்.

ஆய்வே வேண்டாமா, மனித உடலில் சோதியாமல் மருத்துவம் வளருமா என்று கேட்பார்கள். வளராது. ஆய்வு வேண்டும் என்பதே நம் கட்சி. அறிந்து இசைந்து வருபவள் அந்த ஆய்வின் பங்காளி. அறியாமல் ஆட்படுத்தப்பட்டவள்? ஊருக்கு நன்மை என்று சொல்லித்தான் வேள்வியிலே ஆட்டை வெட்டினார்கள். ஆட்டைக் கேட்டா வெட்டினார்கள்?

1984-ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்றாண்டுகள் மருத்துவர் கைகளில் கிடந்தது. அதை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள். 1987 ஜூனில் 'மெட்ரோ' இதழில் எழுதினார்கள். நாடு கொதித்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் அம்மையார் விசாரணை நடத்தி, 1988-இல் அறிக்கை தந்தார்; அது கோனி, பங்கிள் ஆகியோரின் குற்றச்சாட்டுகளைப் பெரிதும் உறுதிசெய்தது.

கிரீனுக்காக வாதாடுவோரும் உண்டு. அவர் செய்தது சோதனையன்று, அந்நாளைய மருத்துவக் கருத்து வேற்றுமைகளுள் ஒன்றே என்று, வரலாற்றாசிரியர் லிண்டா பிரைடர் 2009-இல் நூலே எழுதினார். எழுதட்டும், மறுப்புரையும் வேண்டியதே. ஆனால் 2008-இல் 'லான்செட் ஆன்காலஜி' வெளியிட்ட கணக்கு நிற்கிறதே! துணுக்கு மட்டும் வெட்டப்பட்டு விடப்பட்ட 143 பேரில், 30 ஆண்டுகளுக்குள் புற்று கண்டவர்கள் நூற்றுக்கு 31. உரிய மருத்துவம் பெற்றவர்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

1996-இல் நியூசிலாந்து, நோயாளர் உரிமைகளைச் சட்டத் தொகுப்பாகவே வகுத்தது. ஆய்வில் சேர்க்கப்படும் எவரிடமும் எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும் என்கிறது அது. ஆக்லாந்து மருத்துவமனைக்கு நடந்து நடந்து அலுத்த அந்தப் பெண்களுள் பலர், தாம் யாருடைய கொள்கைக்குச் சான்றாக வைக்கப்பட்டிருந்தோம் என்பதைப் பத்திரிகை வெளிவந்த பிறகே தெரிந்துகொண்டனர்.